துகு நெகாரா பிறந்த கதை

கிள்ளானிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றித் தலைநகரைச் சுற்றிக்காட்டப் புறப்பட்டால், பத்துமலையும் தேசிய அரும்பொருளகமும் முடிந்து துகு நெகாரா என்ற தேசிய நினைவுச்சின்னத்தில் ஒரு நிறுத்தம் கட்டாயம் உண்டு. 15 மீட்டர் உயர வெண்கலம். ஒருவன் கொடியை உயர்த்திப் பிடித்திருக்கிறான். தோழர்கள் அவனைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் காயம்பட்டுச் சாய்ந்திருக்கிறான். காலடியில் தோற்றவர்கள் கிடக்கிறார்கள். பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு நிழல் தேடி ஓடிவிடுவார்கள். “துங்கு அமெரிக்காவில் ஒரு சிலையைப் பார்த்தார், நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றார்” என்று ஆசிரியர் ஒரே மூச்சில் கதையை முடித்துவிடுவார்.

அவர் சொல்வதில் பொய் இல்லை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் தேதி முடிந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அமெரிக்கா போனார். வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டனில், இவோ ஜிமா தீவில் ஆறு அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் கொடி நாட்டும் சிலை நிற்கிறது. அதன் சிற்பி பெலிக்ஸ் டி வெல்டன், வியன்னாவில் பிறந்து அமெரிக்கரானவர். துங்கு அவரையே பிடித்து, மலாயாவுக்கும் ஒன்று செய்து கொடுங்கள் என்று கேட்டுவிட்டார். சுதந்திரம் கிடைத்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர் சுவரில் முன்னோர் படம் மாட்ட ஆசைப்படுவது போன்ற ஆசைதான் அது.

ஆர்லிங்டன் சிலையில் கொடிக்கம்பத்தைப் பிடித்திருக்கும் அறுவரில் மூவர், அந்தச் சிலைக்கு மூலமான புகைப்படத்தை ஜோ ரோசன்தால் எடுத்த சில வாரங்களுக்குள் அதே தீவில் செத்துப்போனார்கள். அவர்களில் பிராங்க்ளின் சௌஸ்லி என்பவன் கெண்டக்கி மாநிலத்துப் பட்டிக்காட்டுப் பையன். வயது 19. அந்த வகையில் அது ஊர்ப்புறத்துப் பையன்களின் சிலை. நம் ஊர்ச் சிலையும் அப்படித்தான். ஆனால் எந்த ஊர்ப்புறம், யார் வீட்டுப் பையன்கள் என்று கேட்டால் கதை நீளும்.

வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. வெண்கலத்தை இத்தாலியில் வார்த்தார்கள். பீடத்துக்கான கருங்கல் சுவீடனின் கார்ல்ஸ்ஹாம்னிலிருந்து கப்பலேறியது. 1966 பிப்ரவரி 8-ஆம் தேதி மாமன்னர் சுல்தான் இஸ்மாயில் நசிருடின் ஷா திறந்துவைத்தார். சிற்பி வெளிநாட்டவர், உலோகம் வெளிநாட்டில் வார்த்தது, கல்லும் வெளிநாட்டுக் கல். இத்தனை வெளிச்சரக்கில் செய்ததாலோ என்னவோ, நிற்பவர்களின் மூக்கும் தாடையும் தோள் அகலமும் நம் ஊர்க்காரர்களுடையவை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சிலைக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு கல் நிற்கிறது. பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெள்ளையாக, நெடுக்காக, அலங்காரம் ஏதுமில்லாமல் நிற்கும் சதுரத் தூண். லண்டன் வைட்ஹாலில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் 1920-இல் எழுப்பிய போர் நினைவுத்தூணின் சாயலில், பிரிட்டிஷார் கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே விக்டரி அவென்யூவில் கட்டியது. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்சில் குடியிருந்து ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு அது பழகிய கல்தான், யாருக்காக என்பது வேறு விஷயம். முதல் உலகப்போர் மூண்டதும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சின்னத் துரைமார் பலர் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். திரும்பி வராதவர்களின் பெயர்கள் அந்தத் தூணுக்கு உரியவை. பிறகு இரண்டாம் போரின் ஆண்டுகளும் அதில் சேர்ந்தன, அவசரகாலத்தின் ஆண்டுகளும் சேர்ந்தன. 1964-இல் சாலைப் பணிக்காக இடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தபோது, தூணை இடிக்காமல் பத்திரமாகப் பெயர்த்து ஏரிப்பூங்கா மேட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டிய ஆட்சி போய் ஏழு ஆண்டு ஆன பிறகும் அதன் கல்லுக்கு இவ்வளவு மரியாதை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. செத்த பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையானால் என்ன?

வெண்கலச் சிலை யாருக்கு? அவசரகாலத்தில் மலாயாப் போலீசிலும் படையிலும் 1,346 பேர் மாண்டார்கள். பிரிட்டிஷ் படையில் 519 பேர். அந்த 519-இல் கட்டாயச் சேவைக்காகப் பிடித்து அனுப்பப்பட்ட, இன்னும் இருபதைத் தொடாத பையன்களும் உண்டு.  1,346-இல் பெரும்பாலோர் கம்பத்து மலாய் இளைஞர்கள். நெல் வயலையும் மீன்பிடியையும் விட்டுவிட்டுக் காக்கி உடுத்தியவர்கள். இரண்டாம் போரின் தியாகிகளும் இந்தச் சிலையின் கணக்கில் சேர்வார்கள். சிங்கப்பூர் விழுவதற்கு முந்தின நாள், 1942 பிப்ரவரி 14, மலாய் ரெஜிமெண்டோடு புக்கிட் சண்டுவில் கடைசிவரை நின்று மடிந்த லெப்டினென்ட் அட்னான் சைடி நம் காஜாங் பக்கத்து சுங்கை ராமாலில் பிறந்தவர். அப்போது அவருக்கு 26 வயதுதான். இன்று பாடப்புத்தகத்தில் அவர் பெயர் இல்லாமல் இருக்காது.

துரைமார் பிள்ளைகளுக்கு ஒரு தூண், கம்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிலை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு?

இதற்குப் பதில் தேட 1941-க்குப் போக வேண்டும், கிள்ளானுக்கு. அந்த ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. ஆர்.எச். நாதன் என்ற இளைஞரும் கிள்ளான் இந்தியர் சங்கமும் முன்னே நின்றார்கள். கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. அவற்றோடு ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சம்பாதித்து வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமை! மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்து சுட்டதில் உயிர்கள் போயின. ஏழு மாதம் கழித்து ஜப்பான்காரன் வந்தான், இறங்கச் சொன்ன துரைமார் சாங்கி சிறைக்குப் போனார்கள்.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து, கோலாலம்பூரிலும் பேசினார். பிரட்டுக்களத்தில் கைகட்டி நின்ற பால்வெட்டுப் பையன்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். கோலாலம்பூரிலேயே பிறந்த ஜானகி தேவர், பதினெட்டு வயதில் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படைக்குப் போனார். தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் பலர் போனார்கள். எல்லாரும் நாட்டுப்பற்றால் மட்டும் போனார்கள் என்று எழுதினால் அது பாதி உண்மை. அதே காலத்தில் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள்பிடித்துக்கொண்டிருந்தான் ஜப்பான்காரன். பட்டாளத்தில் சேர்ந்தால் சயாமுக்குத் தப்பலாம், அரைவயிறாவது கஞ்சி கிடைக்கும். அண்ணன் சயாமில் தண்டவாளக் கட்டை சுமந்து சாக, தம்பி அதே ஜப்பானோடு சேர்ந்து துப்பாக்கி பிடித்தான் என்று கதை சொல்லும் குடும்பங்கள் இங்கே உண்டு. சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவனை முதல்முதலாக ஒருவர் நிமிர்ந்து நில் என்றார். அதுவும் உண்மைதான்.

பயிற்சி முடிந்து பர்மா போன ஐ.என்.ஏ. பிரிவுகளில் நேரு படையும் ஒன்று. அதில் மலாயாத் தமிழ்ப் பையன்கள் பலர். தலைவர், பின்னால் செங்கோட்டை விசாரணையில் நின்ற குர்பக்ஷ் சிங் தில்லான். 1945 பிப்ரவரியில் பாகான் அருகே ஐராவதிக் கரையைக் காக்க அவர்களை நிறுத்தினார்கள். எதிரே டாங்கி, மேலே விமானம். இவர்களிடம் பழைய துப்பாக்கிகள். அங்கே குண்டுக்குத் தப்பியவர்களைப் பின்வாங்கும் வழியில் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் பிடித்துக்கொண்டன. ராணிப் படையினர் திரும்பிய ரயிலைக் கொரில்லாக்கள் சுட்டதில் ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் இறந்தார்கள். அந்த இரண்டு பெயராவது நமக்குத் தெரிகிறது.

அவர்களுக்கும் ஒரு கல் பிறந்தது. 1945 ஜூலை 8-ஆம் தேதி சிங்கப்பூர் எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டினார். தோல்வி தெரிந்துவிட்ட நேரம் அது. கட்டும் பொறுப்பு கர்னல் சிரில் ஸ்ட்ரேசியிடம். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்ற மூன்று சொற்களை இந்துஸ்தானியில் பொறித்தார்கள். பெயரறியாத வீரனுக்கு என்று அர்ப்பணித்தார்கள். ஆயிரம் பெயரைத் திரட்டிச் செதுக்க நேரமும் ஏது? செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினார்கள். பிரிட்டிஷ் தளபதி மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டிமுடித்த சிமெண்டு சரியாகக் காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம். அதே எஸ்பிளனேடில், 1922-இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த பிரிட்டிஷ் போர் நினைவுத்தூண் கீறல் படாமல் நின்றது. மூன்றரை ஆண்டு ஆட்சியில் ஜப்பான்காரன்கூட அதை விட்டுவைத்திருந்தான்.

கோலாலம்பூரில் அப்படி ஒன்று எழவே இல்லை. திரும்பி வந்தவர்களில் சிலர் அரசியலில் ஏறினார்கள். 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) பிறந்தபோது முதல் தலைவர் ஜான் திவியும் உடனிருந்த ஜானகியும் நேதாஜியின் முகாமிலிருந்து வந்தவர்கள். சிலர் தொழிற்சங்கத்துக்குப் போனார்கள். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். அவசரகாலம் வந்த அதே 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று வழக்கு. நேரு அரசு தலையிட்டும் மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துகு நெகாராவில் நிற்பவர்கள் யார் என்பதைப் பற்றி எழுதாதவர் இல்லை. கீழே கிடப்பவர்களை நான் பார்க்கும்போதெல்லாம் கணபதி நினைவுக்கு வருவார். அவசரகாலத்தில் கொல்லப்பட்ட கம்யூனிஸ்டுகள் 6,700 பேருக்கு மேல். அவர்களிலும் தோட்டத்துத் தமிழர் உண்டு. தோட்டத்தைக் காவல் காக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகப் போன தமிழரும் உண்டு. ஆக அந்த வெண்கலக் கூட்டத்தில் மேலேயும் கீழேயும் நம் ஆள் இருக்கலாம். ஐராவதிக்குப் போனவனுக்குத்தான் எந்தப் பக்கத்திலும் இடமில்லை. அவன் இந்த நாட்டுக்காகவும் சாகவில்லை, இந்த நாட்டுக்கு எதிராகவும் சாகவில்லை. போதாக்குறைக்கு ஜப்பானோடு சேர்ந்தவன். ஜப்பானியர் ஆட்சியில் சீனர் பட்ட பாட்டை அறிந்த நாட்டில், அவன் பெயரைக் கல்லில் வெட்டு என்று கேட்பது சுலபமில்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிலையின் பிற்காலமும் அமைதியாக இல்லை. 1975 ஆகஸ்ட் 27-ஆம் தேதி குண்டு வெடித்துச் சேதமானது, கம்யூனிஸ்டுகளின் வேலை. பழுதுபார்த்து 1977 மே மாதம் மறுபடி திறந்தார்கள். பிறகு வேறு வகைத் தலைவலி. உருவச் சிலை முன்னால் நின்று அஞ்சலி செலுத்துவது இஸ்லாத்துக்கு ஒவ்வாது என்று சமய அறிஞர்கள் சொல்ல, ஜூலை 31 வீரர் தினச் சடங்கை 2010 முதல் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். யாரை நினைக்க எழுப்பினார்களோ அவர்களை நினைக்கும் நாளில் அங்கே அணிவகுப்பு கிடையாது. சுற்றுலாப் பேருந்துகள் மட்டும் தவறாமல் வருகின்றன.

2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடி வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் சாஞ்சித் தோரணத்தைப் போன்ற கல் வாசல் ஒன்றைத் திறந்துவைத்தார்கள். இந்தியா கொடுத்த நட்புப் பரிசு. அதே பயணத்தில் கோலாலம்பூர் இந்தியக் கலாசார மையத்துக்கு நேதாஜியின் பெயர் சூட்டுவதாக அறிவித்தார், உயிரோடிருந்த பழைய ஐ.என்.ஏ.க்காரர்களையும் சந்தித்தார். தலைவருக்குப் பெயர்ப்பலகை கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸுக்குக் கல்லும் கிடைத்தது. இரண்டும் ஒன்றாகச் சேரவில்லை.

தகர்க்கப்பட்ட சிங்கப்பூர்க் கல் இருந்த இடத்தில் 1995-இல் அந்நாட்டு அரசு ஓர் அடையாளக் குறி வைத்தது. கல்லின் நகல் ஒன்று மணிப்பூரில், இம்பாலைத் தாண்டி லோக்டாக் ஏரிப் பக்கத்து மொய்ராங்கில் எழும்பி நிற்கிறது. 1944 ஏப்ரலில் இந்திய மண்ணில் ஐ.என்.ஏ. கொடியேற்றிய ஊர் அது. கிள்ளானிலிருந்து தாத்தாவின் கல்லைத் தேடிப் போகும் பேரன் அங்கே போகலாம். பொறித்திருப்பவை அந்த மூன்று சொற்கள்தான். தாத்தா நேரு படைக்காரர் என்றால் அவர் விழுந்தது மொய்ராங்கில் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம், பாகான் கோயில்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் படகுகள் கட்டும் ஐராவதிக் கரையில்.