புலன்வழி அமைதி

கிழக்கேகோட்டை நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இயற்றிய கீர்த்தனைகள் ஒலிக்கின்றன. இளமை முதல் அவற்றைக் கேட்டவர், மறதி நோயுற்ற முதுமையில் மகனின் பெயரையே மறக்கலாம். பழகிய இராகமோ பலருக்கு நினைவில் நிற்கும். இவ்வுண்மையை மருத்துவ உலகம் மெல்லவே உணர்ந்தது.

முற்காலத்தில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளில் பதற்றமுற்றோரைக் கட்டிவைப்பது வழக்கமாயிருந்தது. பிராங்க்பர்ட் விடுதியிலோ, அல்சைமர் முதலிய மருத்துவர்கள் கட்டுகளை நீக்கி, நெடுநேர வெந்நீராடலால் அவர்களை அமைதிப்படுத்த முயன்றனர். 1901இல் அங்குச் சேர்க்கப்பட்ட 51 வயது மாது ஒருவரின் நோயையே அல்சைமர் 1906இல் விவரித்தார். 1970களில் நெதர்லாந்தில் மெல்லொளி, இசை, நறுமணம், தொடுகை இவற்றுக்கென அறைகள் அமைத்தனர். அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கென எழுந்த அம்முறை, பின்னர் மறதி நோயாளர்க்கும் பயன்பட்டது. கேரளத்துக் குன்னங்குளத்தில் 1992இல் இந்நோயாளர் நலம் பேணும் சங்கம் தோன்றியது.

இம்முறைகள் நோயைத் தீர்ப்பன அல்ல. பதற்றத்தைத் தணிக்கக் கூடியவை. பதறும் முதியவருக்கு நோவோ தாகமோ உண்டா என முதலில் காண்போம். பின்னர், அதட்டலை விடுத்து, அவர் விரும்பிய பாட்டை மெல்ல ஒலிக்கச் செய்வோம், கையைப் பற்றியிருப்போம். அவரது பழைய விருப்பங்களை நன்கறிந்தவர் வீட்டாரே. ஆதலின் இப்பணி முதற்கண் நம்முடையதாகும்.