எம்டனுக்குத் தேதி இருக்கிறது, புளியந்தோப்புக்கு?

செப்டம்பர் 22 வந்தால் போதும், பத்திரிகைகளுக்கு எம்டன் ஞாபகம் வந்துவிடும். 1914-ல் அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, அரைமணி நேரத்தில் சுமார் 130 குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் வளாகத்தில் விழுந்தது. அதற்கு அங்கே கல்வெட்டு இருக்கிறது. அடுத்த நாளிலிருந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஊரை விட்டு ஓடினார்கள் என்று எழுதுகிறார்கள். யார் ஓடினார்கள்? வெளியூரில் வீடும் நிலமும், கையில் ரயிலுக்குத் துட்டும் இருந்தவன் ஓடியிருப்பான். மறுநாள் மூட்டை தூக்கினால்தான் கஞ்சி என்றிருந்த துறைமுகக் கூலி எங்கே ஓடுவான்?

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவுப் பக்கம் எம்டன் ஒழிந்தது. ஆனால் வார்த்தை ஒழியவில்லை. ராயபுரத்தில் எங்க ஆயா ஆளை அசத்துகிற கில்லாடி எவனைப் பார்த்தாலும் "அவன் சரியான எம்டன்டா" என்பாள். அவளுக்கு ஜெர்மனி எந்தத் திசையில் இருக்குன்னு தெரியாது. 2006-ல் 'எம்டன் மகன்' என்றே ஒரு சினிமா வந்தது. தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆனது. ஒரு ராத்திரி இப்படித்தான் வெகுசனங்களின் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கேப்டன் பெயர் கார்ல் வான் முல்லர் என்று பள்ளிக்கூடத்துப் பையனும் சொல்வான். அன்று செத்தது ஐந்து பேர் என்பார்கள். அந்த ஐவர் பெயரை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை.

அதே 1914-ல், மே 5-ம் தேதி, இதே நகரத்தில் அயோத்திதாசப் பண்டிதர் இறந்தார். 1907 ஜூன் 19-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, சாகும்வரை வாராவாரம் அச்சுக்கோத்து நடத்தியவர். மே 5 காரல் மார்க்ஸ் பிறந்த நாளும்கூட. எங்க பக்கத்துத் தொழிற்சங்க ஆபீஸ்களில் அன்றைக்கு மார்க்ஸ் படத்துக்கு மாலை விழும். விழட்டும், தப்பில்லை. பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க எத்தனை வருஷம் ஆனது என்பதுதான் என் கேள்வி. பண்டிதர் எழுத்துகள் தொகுதிகளாக வெளிவரவே 1999 ஆனது. அரசு மணிமண்டபம் திறந்தது 2023 டிசம்பர் 1-ல்.

நான் சொல்ல வந்தது 1921 பற்றி.

ஏப்ரல் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1918-ல் அந்தத் தேதியில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. என்று பெயர்களை அடுக்குவோம். இந்தியாவின் முதல் சங்கம் என்று நெஞ்சை நிமிர்த்துவோம். அதே ஏப்ரல் 27 நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பிறந்த நாள். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி நிற்கிறது. ஆக ஒரே நாளில் தொழிலாளர் இயக்கத்துக்கும் திராவிட இயக்கத்துக்கும் விழா. இந்த இரண்டு மேடைக்கும் நடுவில் ஒரு சேரி எரிந்தது. எந்த மேடையிலும் அதைப் பேச நான் கேட்டதில்லை.

ராயபுரத்திலிருந்து பேசின் பாலம் தாண்டினால் புளியந்தோப்பு. 1921 ஜூனில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. அதற்கு முந்தின வேலைநிறுத்தமும் கதவடைப்பும் 1920 அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை இழுத்திருந்தன. அந்தப் பட்டினியின் கடன் இன்னும் தீரவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இந்த முறை வேலைக்குப் போனார்கள். எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். மோதல் மில் வாசலிலிருந்து குடியிருப்புக்கு வந்தது. குடிசைகள் கொளுத்தப்பட்டன. திருப்பி அடித்ததும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 29-ல் போலீஸ் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் உண்டு. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது.

நம்ம தோழர்கள் எழுதும் வரலாற்றில் இது ஒரு பத்தி. வெள்ளைக்காரன் சாதியைக் காட்டிப் பிரித்தான், கருங்காலிகள் காட்டிக்கொடுத்தார்கள் என்று முடித்துவிடுவார்கள். முதலாளி பிரித்தான், உண்மை. ஆனால் மில்லுக்குள் ஒரே பாவு ஓட்டியவன் மில்லுக்கு வெளியே ஒரே கிணற்றில் தண்ணி மொண்டானா? ஏற்கெனவே பிரிந்து கிடந்ததைத்தானே பிரித்தான்! நீதிக் கட்சியின் 'ஜஸ்டிஸ்' ஏடு இன்னும் ஒரு படி மேலே போனது. தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆதிதிராவிடருக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்ததுதான் இத்தனைக்கும் காரணம் என்று எழுதியது. வீடு எரிந்து நின்றவனுக்குச் செல்லமாம். எம்.சி.ராஜா 1923-ல் அந்தக் கட்சியை விட்டு வெளியேறினார்.

மே 1-ன் கதை வேறு. 1923-ல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுதான் முதல். மீனவர் குப்பத்துப் பிள்ளை அவர். இப்போது மே 1-ல் எங்க தெருச் சுவரில் செங்கொடிக்குப் பக்கத்திலேயே நடிகர் அஜித்தின் பிறந்தநாள் போஸ்டரும் இருக்கும். ரசிகர்களில் பாதி ஒப்பந்தக் கூலிகள். அவர்களை ஏளனம் செய்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு நாளைத் தன் நாளாக்கிக்கொள்ளச் சொந்தக் காசில் பசை காய்ச்சுகிறவன் அவன். ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் அம்பேத்கர் படத்துக்குப் பந்தல் போட வீடுவீடாய் வசூலுக்குப் போவதும் அதே பையன்கள்தான். எந்த அரசாணையும் அவர்களுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

2021 ஜூனில் புளியந்தோப்புக்கு நூறு வருஷம். கொரோனா ஊரடங்கு, கூட்டம் போட வழியில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம், ஜூலை 22-ல், பா.ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' வந்தது. எழுபதுகளின் வடசென்னைக் குத்துச்சண்டை. 1976-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட செய்தி அந்தப் படத்தின் சண்டை நடுவில் வந்து விழுகிறது. படம் பார்த்த பிள்ளைகள் அது எந்த வருஷம், எந்தத் தேதி என்று என்னிடம் வந்து கேட்டார்கள். சங்கத்து வகுப்பில் யாரும் என்னிடம் தேதி கேட்டதில்லை.

"மாசக்கணக்கில் நடந்த கலவரம், எந்த நாளை வைப்பது?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். நாள் கிடைக்காததுதான் பிரச்சினையா! வேண்டுமானால் 1922 ஜனவரி 20-ஐ வையுங்கள். குடிசைகள் எரிந்து ஏழு மாதம் கழித்து, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை எடுத்துவிட்டு ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்த நாள் அது. மார்ச்சில் அரசாணை வந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்கிற நம்ம பிள்ளைகளின் காகிதத்தில் அந்தப் பெயர்தான் இருக்கிறது.