தும்பறையில் முளைத்த சங்கம்

அம்பிட்டியவிலிருந்து இறங்கி, தென்னக்கும்புரையில் மகாவலிப் பாலத்தைத் தாண்டினால் தும்பறை. குண்டசாலை, மெனிக்கின்ன, திகன, தெல்தெனிய எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள். நம்மில் பலருக்கு அந்தப் பாதை 2018 மார்ச்சில் எரிந்த கடைகளோடும் பள்ளிகளோடும்தான் நினைவில் நிற்கிறது. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இலங்கையின் கூட்டுறவுக் கடன் இயக்கம் பிறந்த வீடும் அதே தும்பறைதான் என்பதை நமது பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நானும் பல வருஷம் படிப்பித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1906இல் அங்கே ஒரு கடன் சங்கம் தொடங்கப்பட்டது. சிலர் தெல்தெனிய என்பார்கள், சிலர் மெனிக்கின்ன என்பார்கள், இரண்டும் தும்பறைதான். கவனிக்க வேண்டியது வருஷத்தை. இலங்கையின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதாவது சட்டத்துக்கு ஐந்து வருஷம் முன்பே சங்கம் இருந்திருக்கிறது. இந்தியாவில் நடந்தது வேறு மாதிரி. சென்னை மாகாணத்தில் ஃபிரெட்ரிக் நிக்கல்சன் 1890களில் ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1904இல் சட்டம் வந்தது. அதன் பிறகே திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூர் போன்ற இடங்களில் சங்கங்கள் எழுந்தன. இங்கே ஊர் முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது. இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

நிக்கல்சன் தேடிப் போனது ஜேர்மனியின் ரைஃபைசனை. ஒரு சிறிய ஊரின் மேயர் அவர். 1864இல் ஹெடஸ்டோர்ஃப் என்ற ஊரில் அவர் அமைத்த கடன் சங்கமே உலகத்துக்கு மாதிரி ஆனது. அதன் உயிர் ‘வரையறையற்ற பொறுப்பு’ என்ற ஒரே விதியில் இருந்தது. கடன் வாங்கினவன் கட்டாமல் ஓடினால் சங்கத்திலிருக்கும் அத்தனை பேரும் தங்கள் காணியையும் மாட்டையும் விற்றாவது கட்ட வேண்டும். கேட்கப் பயங்கரம்தான். ஆனால் அந்தப் பயத்தால்தான் ஒவ்வொருவரும் மற்றவரை அறிந்திருந்தார்கள். யார் குடிப்பான், யாருக்கு வயல் சரியாக விளையவில்லை, யார் வீட்டில் கலியாணம் வருகிறது என்பது கூட்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கடன் கொடுக்கலாமா என்பதைத் தீர்மானித்தவர்களும், கடன் முறிந்தால் இழப்பவர்களும் ஒரே ஆட்கள். நமது 1911 சட்டமும் கிராமச் சங்கங்களை இந்த விதியில்தான் நிறுத்தியது.

இந்த இடத்தில் நமக்குக் கொஞ்சம் கசப்பான ஒரு விஷயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சங்கங்கள் எதிர்க்கப் புறப்பட்டது கடைக் கடனை. விளைச்சலை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு அரிசியும் சீலையும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர்களில் செட்டிமார் இருந்தார்கள், சிங்களவர் இருந்தார்கள், நம்மவர்களும் இருந்தார்கள். 1915இல் கண்டியில் கலவரம் வெடித்தபோது பள்ளிவாசலுக்கு முன்னால் போன ஊர்வலம் ஒரு காரணம் என்றால், கரையோர முஸ்லிம் வியாபாரிகள் மீதிருந்த பொருளாதாரக் கோபமும் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. கலவரத்தை இது நியாயப்படுத்தாது. ஆனால் சங்கத்துக்குள்ளே நாம் குறைவாகவும், சங்கம் யாரை எதிர்த்ததோ அந்தப் பக்கத்தில் தெரிகிற மாதிரியும் இருந்தோம் என்பது வரலாறு. வட்டி என்ற மார்க்கப் பிரச்சினையும் நம்மை வெளியே நிறுத்தியது. ஃபத்வா சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று: 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ஹைதராபாத்தில் முஸ்லிம்கள் வட்டியில்லாக் கடன் சங்கங்களை நடத்தியதை அறிஞர் முஹம்மத் ஹமீதுல்லாஹ் பதிவு செய்திருக்கிறார். வழி இருந்திருக்கிறது. நாங்கள்தான் அந்த வழியில் போகவில்லை.

சட்டம் வந்த பிறகு சங்கங்களுக்கு என்ன நடந்தது? 1930இல் கூட்டுறவுக்கென்று தனித் திணைக்களம் வந்தது. பதிவாளர் கேம்பல் எண்ணிக்கையைப் பெருக்க அவசரப்படாத மனிதர். 1936இல் புதிய கட்டளைச் சட்டம் வந்தது. அதுவரைக்கும் பாதிப்பு பெரிதாக இல்லை. பாதை திரும்பியது யுத்தத்தோடு. 1942இல் அரிசிப் பங்கீட்டுக்காக அரசாங்கம் கூட்டுறவுப் பண்டகசாலைகளைத் திறக்கத் தொடங்கி, மூன்று வருஷத்தில் அவை நாலாயிரம் அளவுக்குப் பெருகிவிட்டன. நம்முடைய வாப்பாமார் ‘கோப்பரேட்டிவ்’ என்றால் சீனி வரிசை என்றே விளங்கிக்கொண்டது அன்றிலிருந்துதான். 1957இல் அமைச்சர் பிலிப் குணவர்தன பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டு வந்தார். கூட்டுறவுக் கூட்டாட்சி வங்கி 1961இல் மக்கள் வங்கிக்குள் போனது. கனடாவின் லெயிட்லோ தலைமையில் அமைந்த ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1970களின் ஆரம்பத்தில் சின்னச் சங்கங்களைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. விசாரணை நடத்தி நிர்வாகக் குழுவைக் கலைத்து, தன் ஆளைப் போடும் அதிகாரம் பதிவாளருக்கு இருந்தது.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் சொல்லலாம். பஞ்ச காலத்தில் அரிசி பங்கிட வேண்டாமா? திருட்டுக் காரியதரிசியை விலக்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் சங்கம் அண்டை வீட்டாரைப் பார்ப்பதை விட்டு மேலே திணைக்களத்தைப் பார்க்கத் தொடங்கியது. காசு மேலிருந்து வந்தால் கடனும் மேலே உள்ளவரின் கடன் என்றுதானே மனிதன் நினைப்பான்.

மீள் உயிர்ப்பு கேகாலை மாவட்டத்து வல்கமவில் நடந்தது. 1978 அளவில் பி. ஏ. கிரிவந்தெனிய அங்கே தூங்கிக் கிடந்த சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பி, அயற் சங்கங்களையும் எழுப்பினார். ‘சணச’ என்று நாம் சொல்வது இதைத்தான். சிங்களப் பெயரின் முதலெழுத்துகள். முதலில் சேமி, பிறகு கடன் கேள், ஆளுக்கு ஒரு வாக்கு என்று 1906இன் பாதைக்கே அவர் திரும்பினார். ஆனால் வெற்றி வந்ததும் பழைய ஆபத்து திரும்ப வந்தது. 1980களின் நடுப்பகுதியில் பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தின் கடன்களைச் சணசச் சங்கங்கள் வழியே கொடுத்தார்கள். அரசாங்கக் காசுதானே என்று நிலுவை விழுந்தது. ஜேர்மனிய மேயருக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு கூட்டுறவு மாகாண சபைக்குப் போனது. பத்து வருஷம் கழித்து, 1997இல், சணச அபிவிருத்தி வங்கி மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரத்தோடு தொடங்கியது. 2012இல் அது கொழும்புப் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஒரே பெயர், இரண்டு ஆட்சி: கிராமச் சங்கத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு, வங்கியில் பங்குக்கு ஒரு வாக்கு. வங்கியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. மூலதனத்துக்கு விதி போட்டால் மூலதனம் தேடித்தான் போக வேண்டும். ஆனால் 1844இல் ரொச்டேல் நெசவாளர்கள் பிடித்துக்கொண்ட விதி அது, அது எந்த இடத்தில் நழுவுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நுண்கடன் கம்பனிகள் வந்தன. வாராவாரம் தவணை, வீட்டு வாசலில் சேகரிப்பாளர், கடன் கட்டக் கடன். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தும் துன்பம் தீரவில்லை. 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2024 ஜனவரியில் நுண்நிதி மற்றும் கடன் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அந்தப் பெண்களுக்காகப் பேசியவர்களே பயந்தார்கள்: கம்பனியைப் பிடிக்க விரித்த வலையில் ஊர்ச் சங்கமும் அகப்படும் என்று. கம்பனி கணக்காளரை வைத்துப் படிவம் நிரப்பும். இருபது பெண்கள் நடத்தும் சங்கத்துக்கு யார் நிரப்புவது?

என் உம்மா அம்பிட்டியவில் சீட்டுப் பிடித்தார். பன்னிரண்டு பேர், மாதம் ஒரு தடவை, வட்டியில்லை, குலுக்கல்கூட இல்லை; யாருக்கு அவசரமோ அவருக்கு முதல். பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவும் அதில் இருந்தார். அவர் சணசச் சங்கத்திலும் அங்கத்தவர். மகளின் படிப்புக்குச் சங்கத்தில் கடன் எடுக்க ஒருமுறை உம்மாவைப் பிணை கேட்டு வந்தார். உம்மா அங்கத்தவர் இல்லை என்பதால் முடியவில்லை. ‘நோனா சேர்ந்தா நல்லம்’ என்று சொல்லிவிட்டுப் போனார். வட்டி என்பதால் உம்மா கடைசிவரை சேரவில்லை. அந்த மாதச் சீட்டை அக்காவுக்கு முதலாவதாகக் கொடுத்தார்.

2018 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போட்டிருந்த நாட்களில் எங்களுக்குப் பாலும் பாணும் கொண்டு வந்து தந்தவரும் அதே அக்காதான். ரைஃபைசன் சட்டப் பாஷையில் எழுதி வைத்த அந்த ‘பொறுப்பு’ எங்கள் தெருவில் எப்படியிருந்தது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இன்று நம் ஊர்களில் ஜமாஅத் கடன் நிதிகள் இருக்கின்றன, பெண்களின் சீட்டுகள் இருக்கின்றன, இளைஞர்களின் வட்டியில்லாக் கடன் பெட்டிகள் இருக்கின்றன. ஏறக்குறைய எதுவும் எங்கும் பதியப்படவில்லை. கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் போனால் மாகாண ஆணையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். போகாமல் இருந்தால் நாளைய கடன் சட்டத்தின் முன்னால் வெறும் ‘கடன் கொடுப்போர்’ ஆகிவிடலாம். சட்டமூலங்கள் பேசப்படுகிற நாட்களில் சணசக்காரர்கள் தங்கள் சம்மேளனத்தோடு போய்ப் பேசுவார்கள். நமது பெட்டிகளுக்காகப் பேச யாரும் போனதாக நான் கேள்விப்படவில்லை.

பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய சுவர்கள் தலை காட்டும், பார்க்கச் சனம் போகும். உம்மாவின் சீட்டுக் கணக்கு ஒரு சீ.ஆர். கொப்பியில் இருக்கிறது, உம்மா மௌத்தான பிறகு அது என்னிடம். பன்னிரண்டு பெயர்கள், எதிரே சரி அடையாளங்கள். அடையாள அட்டை இலக்கம் எதுவும் இல்லை. ஒரு பெயருக்கு மட்டும் மூன்று மாதம் சரி இல்லை, ஓரத்தில் உம்மாவின் எழுத்தில் ‘மகன் ஆஸ்பத்திரியில், பிறகு’ என்றிருக்கிறது. நாலாவது மாதத்தில் நாலு சரியும் சேர்ந்து விழுந்திருக்கின்றன.