மணலில் போட்ட இலக்கம்

நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் சிறுவர் பள்ளி முற்றங்களில் மணல் தொட்டி இருக்கும். பிள்ளைகள் அதில் குழி தோண்டுவார்கள், வாளி கவிழ்ப்பார்கள். இலக்கம் எழுதுவது உள்ளே, தாளில். ஆனால் ஐரோப்பியப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படித்த காலமும் உண்டு; அதைக் கற்றுக்கொடுத்தது சென்னை.

வழக்கம் அதைவிடப் பழையது. 1623இல் இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே கர்நாடகத்து இக்கேரியில், ஒரு கோயில் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்களைக் கண்டார். வாத்தியார் இல்லை. ஒருவன் கணக்கை ராகம் போட்டுச் சொல்லியபடி தரையில் தூவிய நுண்மணலில் விரலால் எழுத, மற்றவர்களும் பாடிப் பாடி அதையே எழுதினார்கள். தரை நிரம்பினால் மறுபடி மணல் தூவுவார்களாம். தாள் செலவில்லை.

1789இல் எழும்பூரில் படையினரின் அநாதைச் சிறுவர் பள்ளியைப் பொறுப்பேற்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே கற்பிக்கச் சொன்னார்; அவருடைய ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஜோன் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பைக் கொடுத்தார், காரியம் நடந்தது. 1797இல் இலண்டனில் அதைப் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் ஜோசப் லங்காஸ்டரின் பள்ளிகளில் மணல் மேசையேறியது. சட்டாம்பிள்ளை எழுதிக் காட்டுவான், சின்னவர்கள் பார்த்து எழுதுவார்கள், பிறகு மணலைச் சமப்படுத்துவார்கள். இந்தச் சட்டாம்பிள்ளை முறை டென்மார்க், ஸ்வீடன் வரை போனது. ஆனால் அங்கே எல்லாம் கட்டளைப்படி; இக்கேரிப் பாட்டு கப்பலேறவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாளில் தெரியாத ஒன்று மணலில் தெரியும். விரல் தள்ளிய மணல் கோட்டின் முடிவில் குவிந்து நிற்கும். 6ஐப் பிள்ளை கீழிருந்து சுழித்ததா, மேலிருந்து இறக்கியதா என்று குவியலே சொல்லிவிடும். நோர்வேயில் கையால் எழுதும் 1க்கு மூக்கு உண்டு. அது 7 ஆகிவிடாதிருக்க 7இன் இடுப்பில் பலர் குறுக்குக்கோடு போடுவார்கள். யாழ்ப்பாணத்தில் படித்த அம்மா அந்தக் கோட்டைப் பிழையென்று அழித்துவிடக்கூடாது.

ஒஸ்லோ வட்டாரத்தில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்றவை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்குகின்றன. விஜயதசமியன்று அரிசித் தட்டில் ‘அ’ எழுதுவித்து ஏடு தொடக்குகிறோம். மறுநாள் தட்டு குசினிக்குப் போய்விடுகிறது. அதுதான் எனக்குக் குறை. மார்கழியில் முற்றத்து மணல் உறைந்து கல்லாகும். அப்போது வீட்டுக்குள்ளே கறுப்புத் தட்டில் ரவையை மெல்லிசாகப் பரப்பினால் போதும். தடிப்பாகப் போட்டால் கோடு மூடிக்கொள்ளும். எழுதும்போதே பிள்ளை இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லட்டும், ராகத்தோடென்றால் இன்னும் நல்லது.