ஐந்து குதிரைத்திறன்

பேரன் வாங்கிய கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ9-12900கே ப்ராசசர். விவரத்தாளில் 125 வாட் என்றிருக்கிறது. அதிலேயே இன்னொரு வரியில் 241 வாட். "எதுய்யா நிஜம்?" என்றேன். "வேலையைப் பொறுத்தது தாத்தா" என்றான். 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜ் ப்ராசசர் தானே தன் மின்செலவைச் சொல்லுமாம். அதுவும் அளந்ததல்ல, உள்ளே நடந்த வேலைகளை எண்ணிப் போட்ட மதிப்பீடு. 2013-ல் ஹாஸ்வெல் வந்த பிறகுதான் நிஜமாகவே அளந்தார்கள்.

நம்ம ஊர் பம்புசெட்டு அந்த 2011 நிலையில்தான் இன்னும் நிற்கிறது.

1970-ல் யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏற்றியதை எதிர்த்துக் கொங்குப் பக்கம் விவசாயிகள் கிளம்பினார்கள். பெருமாநல்லூர் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். அந்த இயக்கத்தை வளர்த்த நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில், தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த இடத்தில், நம்ம கோவில்பட்டியில்தான் காலமானார். அதே ஆண்டு எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் கொடுத்தது. பிறகு கலைஞர் ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்தது. பைசாவுக்காக உயிர் போன இடத்தில் யூனிட் கணக்கே இல்லாமல் போயிற்று.

ஆனால் மானியத்துக்குக் கணக்கு வேண்டுமே. இணைப்பின் குதிரைத்திறனையும், மாதிரிக்கு மீட்டர் மாட்டிய சில பம்புசெட்டுகளையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஐந்துக்கு 3,730. அது மோட்டார் தரும் வேலை. கம்பியிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம். இரண்டு தடவை காயில் கட்டிய மோட்டார் என்றால் இன்னும் இழுக்கும். இதையெல்லாம்கூட ஒருவாறு சரிக்கட்டிவிடலாம். எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் சிக்கல். காவிரிக்கரை போரில் பகல் முழுக்கத் தண்ணீர் வரும். கரிசல் கிணறோ பங்குனி பிறந்தால் அரை மணியில் வற்றிவிடும். ஊற்று ஊறும்வரை சம்சாரி வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மோட்டார் தகட்டில் இரண்டுக்கும் ஐந்துதான்.

மதிப்பீட்டில் ஒரு வசதி உண்டு. கம்பியில் வீணாவது, திருட்டில் போவது எல்லாவற்றையும் 'விவசாயம்' என்ற தலைப்பில் எழுதிவிடலாம். பழி, அரை மணி நேரம் மோட்டார் ஓட்டியவன் தலையிலும் விடியும்.

2003 மின்சாரச் சட்டம் 55-வது பிரிவு, மீட்டர் இல்லாமல் மின்சாரம் தரக்கூடாது என்கிறது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்று விவசாயிகள் எதிர்க்கிறார்கள். பெருமாநல்லூரை நினைத்தால் அந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியவில்லை. இருந்தாலும் நம்ம பக்கத்துக் கிணறுகளுக்கு மட்டுமாவது மீட்டர் வரட்டும் என்பேன். ஊரில் சொன்னால் என்னைத் திட்டுவார்கள்.