கட்-ஆஃப் 700

1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ஃபீல்டிங் யோஸ்ட், லஃபாயெட் கல்லூரிக்கு எதிரான ஃபுட்பால் ஆட்டங்களில் இறங்கித் தோற்றார். சில நாட்களிலேயே அதே லஃபாயெட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு, நெடுங்காலமாகத் தோல்வியே காணாத பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடினார். லஃபாயெட் 6–4 என்று ஜெயித்தது. யோஸ்ட் தம் பழைய கல்லூரிக்கே திரும்பிப் போய் சட்டப் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். பின்னாளில் மிச்சிகன் அணியின் பயிற்சியாளராகிப் பெரும்புகழ் பெற்றவர் இவர்தான்.

அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் இது சாதாரணம். இந்த வாரம் ஒரு கல்லூரி, அடுத்த வாரம் வேறொன்று என்று ஊர் ஊராக ஆடித் திரிந்தவர்கள் இருந்தார்கள். வகுப்பறைப் பக்கமே போகாதவர் கல்லூரியின் பெயரால் ஆடுவார், எதிரணி கூச்சலிடும், அடுத்த ஆட்டத்துக்கு அதுவும் இரண்டு ஆட்களைப் பிடித்து வரும். ஒரு மாணவன் களத்தில் இறங்க எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்ற கேள்வி பிறந்தது இந்தச் சண்டையில்தான். கல்வி மேல் கொண்ட அக்கறையைவிட, பக்கத்துக் கல்லூரி ஏமாற்றுகிறது என்ற சந்தேகமே அதைப் பெற்றெடுத்தது. அடுத்த நூற்றாண்டு முழுக்க வந்த விதிகளிலும் அந்தச் சாயல் மாறவில்லை.

1895 ஜனவரியில் பர்டூ பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஸ்மார்ட், மத்திய மேற்குப் பகுதியின் கல்லூரித் தலைவர்களை சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில் கூட்டினார். முழுநேர மாணவராக இருக்க வேண்டும், பாடத்தில் பின்தங்கியிருக்கக் கூடாது. அப்படிப்பட்டவரே அணியில் ஆடலாம் என்று அங்கே பேசி முடித்தார்கள். பின்னாளில் 'பிக் டென்' என்று பெயரெடுத்த கூட்டமைப்பின் தொடக்கம் அது. 1906-இல் முதலாண்டு மாணவர்கள் ஆடக் கூடாது என்றும் அந்தக் கூட்டமைப்பு விதித்தது. ஓராண்டாவது வகுப்பில் உட்கார்ந்து தேர்வெழுதிக் காட்டட்டும், பிறகு பந்தைத் தொடட்டும் என்பது அதன் பொருள். இந்த ஓராண்டு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது, அதை எடுத்துவிட்ட பிறகுதான் தெரிந்தது.

நாடு தழுவிய சங்கம் பிறந்ததற்குக் காரணம் படிப்பல்ல, சாவு. 1905-இல் ஃபுட்பால் களத்தில் இளைஞர்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். மறு ஆண்டு உருவான சங்கம் 1910-இல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆட்ட விதிகளை அது திருத்தியது. யார் ஆடலாம் என்பதை அந்தந்தக் கல்லூரியின் மனசாட்சிக்கே விட்டுவிட்டது. அந்த மனசாட்சியின் லட்சணத்தை 1929-இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கை சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு நேரில் போய்த் தயாரித்த அந்த அறிக்கை, ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுப்பதும் ஆள் பிடிப்பதும் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது என்று பதிவு செய்தது. பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின, ஆட்டமும் தொடர்ந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தொலைக்காட்சி வந்தது, பணம் பெருகியது. 1956-இல், திறமையான ஆட்டக்காரருக்குப் படிப்புச் செலவையும் சாப்பாடு, தங்குமிடச் செலவையும் கல்லூரியே ஏற்கலாம் என்று சங்கம் வெளிப்படையாக அனுமதித்தது. இனி ஒரு பையன் எந்தக் கல்லூரியில் சேர்வான் என்பதில் உதவித்தொகைக்கும் பங்குண்டு. கொடுக்கிற கல்லூரியைப் போட்டிக் கல்லூரி நம்பவில்லை. எனவே எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் வேண்டும் என்று கேட்டார்கள். 1965-இல் வந்தது '1.6 விதி'. பள்ளி மதிப்பெண்ணையும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, கல்லூரி முதலாண்டில் இவன் எவ்வளவு வாங்குவான் என்று கணிப்பார்கள். நான்குக்கு 1.6 தேறும் என்று கணக்கு சொன்னால்தான் உதவித்தொகை.

இதை முதலில் எதிர்த்தவை தரத்துக்குப் பேர்போன ஐவி லீக் கல்லூரிகள். எங்கள் மாணவன் ஆடலாமா என்று தீர்மானிக்க நீங்கள் யார் என்பது அவர்கள் வாதம். அடிபணிய மறுத்ததால், 1966-இல் ஐவி லீக்கின் கூடைப்பந்துச் சாம்பியனான பென்சில்வேனியா அணியால் தேசியப் போட்டிக்குப் போக முடியவில்லை. மற்ற கல்லூரிகளின் புகார் வேறு விதமானது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை, குறிப்பாகக் கறுப்பின மாணவர்களை, இந்தச் சூத்திரம் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது என்றார்கள். 1973-இல் விதி செத்தது. அதன் இடத்தில், பள்ளியில் சராசரி 2.0 எடுத்தால் போதும் என்று எழுதினார்கள். எந்தப் பாடத்தில் என்று கேட்கவில்லை. கணக்கில் வாங்கினாலும் கைத்தொழிலில் வாங்கினாலும் எல்லாம் ஒன்றே.

முந்தைய ஆண்டுதான், முதலாண்டு மாணவர்களும் ஃபுட்பால், கூடைப்பந்து அணிகளில் ஆடலாம் என்று சங்கம் கதவைத் திறந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளி மதிப்பெண்ணுக்கு அர்த்தமில்லை. கல்லூரித் தேர்வு ஒன்றுகூட எழுதும் முன்பே பையன் பெருங்கூட்டத்தின் முன்னால் ஆடிக்கொண்டிருக்கிறான். இடையில் அவனைச் சோதித்துப் பார்க்க எவரும் இல்லை. அடுத்த பத்தாண்டில் வந்த அவமானங்கள் இந்த இடைவெளி வழியாகத்தான் வந்தன.

அவற்றில் ஒன்று கெவின் ராஸுடையது. 1978-இல் கூடைப்பந்துக்காக நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரைட்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஏ.சி.டி. நுழைவுத் தேர்வில் 36-க்கு அவர் எடுத்தது 9. அவரோடு சேர்ந்தவர்களின் சராசரி 23.2. துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்ற வகுப்புகளில் உட்காரவைத்து நான்காண்டு அவரை ஆட்டத்துக்குத் தகுதியுள்ளவராகவே வைத்திருந்தார்கள். 1982-இல் வெளியே வந்தபோது கையில் பட்டம் இல்லை. வாசிப்பு ஏழாம் வகுப்பு அளவில் இருந்தது, மொழித்திறன் நான்காம் வகுப்பு அளவில். அந்த ஆண்டே சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திய பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து மறுபடி படித்தார். நெடிதுயர்ந்த ஆட்டக்காரர் குட்டி மேசையில் உட்கார்ந்திருப்பதை நாடே செய்தியாகப் பார்த்தது. பின்னர் அவர் தொடுத்த வழக்கில் 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மோசமாகக் கற்பித்தார்கள் என்று கல்லூரி மேல் வழக்குப் போட முடியாது என்றது. குறிப்பிட்டு வாக்களித்த உதவியைச் செய்யவே இல்லை என்றால் மட்டும் ஒப்பந்த மீறலாகக் கேட்கலாம் என்று ஒரு சிறு வழியை விட்டுவைத்தது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கதை வகுப்பறைக்கு உள்ளே நடந்தது. பின்தங்கிய மாணவர்களுக்கான அடிப்படை ஆங்கிலப் பிரிவை ஜேன் கெம்ப் என்ற ஆசிரியை கவனித்துவந்தார். 1981 கடைசியில், அந்தத் திட்டத்தில் ஃபெயிலான ஒன்பது ஃபுட்பால் வீரர்களை மேலிடம் பாஸ் போட்டு அடுத்த நிலைக்கு அனுப்பியது. புத்தாண்டன்று அணிக்கு சுகர் பௌல் என்ற பெரிய ஆட்டம் இருந்தது. கெம்ப் எதிர்த்துப் பேசினார். பதவி இறங்கியது, பிறகு வேலையும் போனது. வழக்குப் போட்டார். 1986 தொடக்கத்தில் அட்லாண்டாவில் நடந்த விசாரணையில் பல்கலைக்கழகத்தின் வக்கீல், இந்தப் பையன்களைப் பல்கலைக்கழக மாணவராக்க முடியாமல் போகலாம், எழுதப் படிக்கச் சொல்லித்தந்தால் குப்பை அள்ளுவதற்குப் பதில் தபால் நிலையத்திலாவது வேலை பார்ப்பார்கள் என்ற பொருளில் பேசினார். காப்பாற்ற வந்தவரே கல்லூரியின் மனதிலிருந்ததை வெளியே போட்டுவிட்டார். ஜூரி கெம்புக்கு இருபத்தைந்து லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பின்னர் அந்தத் தொகை குறைந்தாலும் வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

இதற்கிடையில் 1983 ஜனவரியில் சான் டியேகோ மாநாட்டில் 48-ஆம் தீர்மானம் நிறைவேறியது. அதற்குப் பின்னால் நின்றது ஹார்வர்ட் தலைவர் டெரெக் போக் தலைமையிலான கல்லூரித் தலைவர்கள் குழு. பள்ளியில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் முதலிய 11 முக்கியப் பாடங்களில் சராசரி 2.0 வேண்டும். அதோடு எஸ்.ஏ.டி. தேர்வில் 1600-க்கு 700, அல்லது ஏ.சி.டி.யில் 15 வேண்டும். எஸ்.ஏ.டி.யின் குறைந்தபட்ச மதிப்பெண்ணே 400 என்பதால் 700 என்பது உயரமான கட்-ஆஃப் இல்லை. தீர்மானம் 1986-இல் நடைமுறைக்கு வந்தது. எட்டாதவர்கள் முதலாண்டு ஆடவும் கூடாது, அணியோடு பயிற்சி செய்யவும் கூடாது.

மாநாட்டு மண்டபத்தில் கடுமையாக எதிர்த்தவர்கள் கறுப்பினக் கல்லூரிகளின் தலைவர்கள். சதர்ன் பல்கலைக்கழகத்தின் ஜெஸ்ஸி ஸ்டோன் அவர்களில் ஒருவர். பள்ளி மதிப்பெண்ணைக் கேளுங்கள், ஆட்சேபம் இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைக்குச் சாதகமான ஒரு நுழைவுத் தேர்வை ஏன் அளவுகோலாக வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அதே சமூகத்திலிருந்து எதிர்க்குரலும் வந்தது. பெர்க்லியின் சமூகவியல் பேராசிரியர் ஹாரி எட்வர்ட்ஸ், 700 போதாது, இன்னும் உயர்த்த வேண்டும் என்றார். நம் பையன்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதே அவர்களுக்கு நேரும் பெரிய கேடு என்பது அவர் கட்சி. இரு பக்கமும் நியாயம் இருந்தது. விதி நடைமுறைக்கு வந்ததும் அதில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மாணவர்களே. ஆனால் அந்த முதல் தொகுதியில் ஆடவிடாமல் உட்காரவைக்கப்பட்ட டோனி ரைஸ், ஓராண்டு படிப்பை மட்டும் பார்த்துவிட்டு, 1988-இல் நோட்ர் டேம் அணியைத் தேசியச் சாம்பியனாக்கினார். ருமீல் ராபின்சனும் டெரி மில்ஸும் அப்படியே உட்கார்ந்து, 1989-இல் மிச்சிகனுக்குக் கூடைப்பந்துப் பட்டம் வாங்கித் தந்தார்கள். 1972-இல் தூக்கியெறிந்த அந்த முதலாண்டு இவர்களுக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது என்று சொல்லலாம்.

இதைப் பார்த்த பிறகும், 1989 ஜனவரியில் சங்கம் 42-ஆம் தீர்மானத்தைக் கொண்டுவந்தது. கட்-ஆஃப் எட்டாதவருக்கு முதலாண்டு உதவித்தொகையும் கிடையாது. ஆடாதே என்பது ஒன்று. காசில்லாத வீட்டுப் பையனிடம் படிக்கவும் வராதே என்பது வேறு. ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன், கல்லூரி ஆட்டத்தின் உச்சப் பிரிவான டிவிஷன் ஒன்றில் கூடைப்பந்துப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். தோளில் எப்போதும் வெள்ளைத் துண்டு போட்டிருப்பார். ஜனவரி 14 அன்று பாஸ்டன் காலேஜ் ஆட்டம் தொடங்கும் நேரத்தில், இந்தத் தீர்மானத்தை எதிர்த்து அரங்கை விட்டு நடந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு சங்கம் இறங்கி வந்தது. வீட்டின் வசதியைப் பார்த்துக் கொடுக்கும் உதவியைக் கல்லூரி கொடுக்கலாம் என்றது.

பிறகு எண் இளகத் தொடங்கியது. 1996-இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தில் முக்கியப் பாடங்கள் 13 ஆயின. பள்ளிச் சராசரி கூடினால் தேர்வு மதிப்பெண் குறையலாம் என்று ஏற்ற இறக்கக் கணக்கு வந்தது. 1999-இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பின மாணவர்கள் தொடுத்த வழக்கில், இந்தக் கட்-ஆஃப் இனப் பாகுபாட்டுக்கு இட்டுச் செல்கிறது என்று கீழ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானதும், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்ற காரணத்தால்தான். விதி நியாயமானது என்று சொல்லி அல்ல. 2003-இல், பள்ளிச் சராசரி 3.55 இருந்தால் எஸ்.ஏ.டி.யில் அடிமட்ட 400 போதும் என்றானது. கோவிட் காலத்தில் நிறுத்திவைத்த தேர்வு நிபந்தனையை 2023 ஜனவரியில் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். இப்போது டிவிஷன் ஒன்றில் கேட்பது 16 முக்கியப் பாடங்களும் 2.3 சராசரியும்.

வாசலில் பிடி தளர, உள்ளே பிடி இறுகியது. 2004 முதல் ஒவ்வொரு அணிக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. உதவித்தொகை பெறும் வீரர் பருவந்தோறும் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியை விட்டுப் போகாமல் இருந்தால் இன்னொன்று. ஆயிரத்துக்கு 930-க்குக் கீழே போனால் அணிக்கே தண்டனை. 2011-இல் சாம்பியனான கனெக்டிகட் கூடைப்பந்து அணியை 2013 தேசியப் போட்டியில் சேர்க்கவில்லை. தண்டனையைப் பையனிடமிருந்து கல்லூரிக்கு மாற்றியது, இந்த நூறாண்டில் வந்த நல்ல திருத்தம்.

அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 18 ஆண்டுகள் பெயரளவு வகுப்புகள் நடந்ததை 2014-இல் ஓர் அறிக்கை அம்பலமாக்கியது. பேராசிரியர் வரமாட்டார், வகுப்பு கூடாது, ஒரு கட்டுரை கொடுத்தால் அலுவலக ஊழியர் தாராளமாக மதிப்பெண் போடுவார். 3,100-க்கு மேற்பட்ட மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள். 2017-இல் என்.சி.ஏ.ஏ. தண்டிக்க முடியாது என்று கைவிரித்தது. வகுப்புகள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்தன, ஆட்டக்காரருக்கு மட்டும் தனிச் சலுகை இல்லை என்பது அதன் விளக்கம். போட்டியில் ஒருவர் மற்றவரை மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளப் பிறந்த சங்கம், எல்லோரையும் ஒரேபோல ஏமாற்றினால் அதில் தலையிட இடமில்லை என்றது. பிறவிக் குணத்துக்குப் பொருத்தமான தீர்ப்பு.

2025-இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஆடுவதற்குச் சம்பளம் வாங்கும் மாணவனும் பாடத்தில் தேற வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் அப்படியே இருக்கிறது. 1.6, 2.0, 700, 2.3 என்று எதை எழுதினாலும், எண் நேர்மையாக வந்ததா என்பதை அந்த எண்ணே சொல்லாது. சொல்லக்கூடியவர் விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர். பெரிய ஆட்டத்துக்கு முந்தைய வாரம் ஃபெயில் போட்டுவிட்டு மறு வாரமும் வேலையில் இருக்க அவரால் முடிகிறதா என்பதைக் கேளுங்கள். ஒரு கல்லூரியின் தரத்தை அளக்க அதைவிடச் சரியான கட்-ஆஃப் இன்னும் வரவில்லை.