இதயச் சிகிச்சை தேவையானவருக்குத்தான் கிடைக்கிறதா? வைத்தியசாலை ஒழுங்குவிதிகளும் யாழ்ப்பாணமும்

நெஞ்சுவலி என்று வைத்தியரிடம் போன ஒருவருக்கு அஞ்சியோகிராம் செய்யவேண்டும் எனச் சொல்லப்பட்டால், குடும்பத்தில் உடனே எழும் கேள்விகள் இரண்டு: எங்கே செய்வது? எவ்வளவு செலவாகும்? இது தேவைதானா என்ற மூன்றாவது கேள்வியை அநேகர் கேட்பதில்லை. நோயாளிக்காக அதைக் கேட்கவேண்டியவை வைத்தியசாலைகளை ஒழுங்குபடுத்தும் விதிகள்.

எது பொருத்தமான சிகிச்சை?

மாரடைப்பு ஏற்பட்டு இதயக் குழாய் முற்றாக அடைபட்டிருக்கும்போது, அதை உடனடியாகத் திறந்து ஸ்டென்ட் வைப்பது உயிர்காக்கும் சிகிச்சை. இதில் சர்ச்சை இல்லை. நடக்கும்போது மட்டும் வலி வந்து, ஓய்வெடுத்தால் குறைகின்ற நாட்பட்ட நோயாளரின் நிலை வேறு. 37 நாடுகளில் 5,179 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ‘இஸ்கீமியா’ ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. மருந்துடன் ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பெற்றவர்களுக்கும், முதலில் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கும் இடையில் இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. வலி குறைந்தது உண்மை. இடது பிரதான குழாயில் கடும் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

அமெரிக்காவில் ஐந்து இலட்சம் ஸ்டென்ட் சிகிச்சைகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்விலும் இதே பிளவு தெரிகிறது. அவசர நிலையில் செய்யப்பட்டவற்றில் 98.6 சதவீதம் பொருத்தமானவை. அவசரமற்றவற்றில் பொருத்தமானவை 50.4 சதவீதம் மட்டுமே, 11.6 சதவீதம் பொருத்தமற்றவை, எஞ்சியவை ஐயத்துக்குரியவை.

வாசலில் நிற்கும் விதி

புதிய இதயச் சிகிச்சைக் கூடம் திறக்க விரும்பும் வைத்தியசாலை, அந்தப் பகுதிக்கு அது தேவை என்பதை முதலில் அரசுக்கு நிறுவவேண்டும் என்பது ஒருவகை ஒழுங்குவிதி. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இந்தத் ‘தேவைச் சான்றிதழ்’ முறை உண்டு. கூடமும் கருவியும் இருந்தால் அவற்றை நிரப்பும் அழுத்தமும் வரும் என்பதே இதன் அடிப்படை.

மாரடைப்பு நோயாளர் பற்றி 2007இல் வெளியான ஆய்வின்படி, இந்த முறை உள்ள மாநிலங்களில் ஐயத்துக்குரிய அஞ்சியோகிராம்கள் ஓரளவு குறைவு. உறுதியாகத் தேவைப்பட்டவை குறையவில்லை. ஆனால் 2006இல் வெளியான மற்றோர் ஆய்வு, இம்மாநில நோயாளர் குழாய் திறக்கும் வசதியுள்ள வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பும், அச்சிகிச்சையை முதல் நாட்களிலேயே பெறும் வாய்ப்பும் குறைவு என்றது. இறப்பு வீதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வாசலை இறுக்கினால் மிகைச்சிகிச்சை சற்றுக் குறையும். வசதி எட்டாத் தொலைவில் போய்விடும் ஆபத்தும் உண்டு.

விலையும் கோப்பும்

இந்தியா 2017 பெப்ரவரியில் ஸ்டென்ட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு வரி நீங்கலாக 29,600 இந்திய ரூபா. நோயாளரின் சுமை குறைந்தது. ஆனால் ஸ்டென்ட் தேவையா என்று விலைவிதி கேட்பதில்லை.

அதன் விளைவை அகமதாபாத்தில் பார்க்கலாம். 2024 நவம்பரில் கிராமமொன்றில் நடந்த இலவச மருத்துவ முகாமிலிருந்து 19 பேர் தனியார் வைத்தியசாலை ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரச காப்புறுதித் திட்டத்தின் கீழ் அஞ்சியோகிராம் செய்யப்பட்டனர். ஏழு பேருக்கு ஸ்டென்ட் வைக்கப்பட்டது, இருவர் இறந்தனர். இவை தேவையற்ற சிகிச்சைகள் என்ற குற்றச்சாட்டில் வழக்குப் பதியப்பட்டது. இதன் பின்னர் குஜராத் அரசு, அஞ்சியோகிராம் காணொளிப் பதிவைச் சமர்ப்பித்தே காப்புறுதி அனுமதி பெறவேண்டும் என விதித்தது. கட்டடத்தையும் விலையையும் தாண்டி, தனித்தனி நோயாளரின் கோப்பைப் பார்க்கும் விதி இது. அது இரு உயிர்கள் போன பின்னரே வந்தது.

எங்கள் நிலை

இலங்கையில் தனியார் வைத்தியசாலைகளுக்கு அடிப்படை, 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க தனியார் மருத்துவ நிறுவனங்கள் (பதிவுசெய்தல்) சட்டம். மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக விண்ணப்பித்து, ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். தரங்களை வகுத்துக் கண்காணிப்பது தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் பேரவையின் பொறுப்பு. பெயர் சொல்வதுபோல் இது பதிவை மையமாகக் கொண்ட சட்டம். பதிவுச் சான்றிதழ் ஒரு நிறுவனம் இயங்கலாம் என்று சொல்லும்; அங்கு வைக்கப்பட்ட ஸ்டென்ட் தேவையானதா என்று சொல்லாது.

அரச வைத்தியசாலைகளில் இலாப நோக்கம் இல்லை. ஆனால் வரிசை உண்டு. தேவையற்ற ஒருவருக்குக் கொடுத்த இடம் தேவையான இன்னொருவரைப் பின்தள்ளும். அரச விசேட வைத்திய நிபுணர்கள் மாலையில் தனியார் துறையில் ‘சனல்’ செய்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. வரிசைக்கு அஞ்சியவர் காணி நகையை ஈடுவைத்துக் கொழும்புத் தனியார் வைத்தியசாலைக்குப் போவதும் நடக்கிறது. தீர்மானத்தை இன்னொரு கண் பார்க்கும் ஏற்பாடு இருபக்கமும் தேவை.

குடாநாட்டில் மறுபக்கத்தையும் மறக்கமுடியாது. குழாயைத் திறக்கும் வசதி யாழ். போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. ஈ.சி.ஜி. மாரடைப்பைக் காட்டியதிலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைத் தொடங்க முடியாவிட்டால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு அனுப்பவேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டல். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் வரவே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும். ஆகவே பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளில் ஈ.சி.ஜி., ஊசி, அம்புலன்ஸ் மூன்றும் எந்நேரமும் தயாராக இருப்பதும் ‘பொருத்தமான பயன்பாட்டின்’ பகுதியே. தேவையானவருக்குக் கிடைக்காமற்போவதும் தவறான பயன்பாடுதான்.

நோயாளி கேட்கவேண்டியவை

மாரடைப்பு என்றால் கேள்விகளுக்கு நேரமில்லை, உடனே போகவேண்டும். அவசரமில்லை எனில் இவற்றைக் கேட்கலாம்: என் நோய் அவசரமானதா, நாட்பட்டதா? மருந்தை முழு அளவில் எடுத்துப் பார்த்தாயிற்றா? ஸ்டென்ட் வலியைக் குறைக்கவா, ஆயுளைக் கூட்டவா? அதன்பின் இரத்தம் உறையாமல் தடுக்கும் இரு மருந்துகளை எத்தனை மாதம் எடுக்கவேண்டும்? அஞ்சியோகிராம் பதிவின் பிரதியைப் பெற்று இன்னொரு நிபுணரிடம் காட்டலாம். அதில் வைத்தியரை அவமதிப்பது எதுவுமில்லை.

சிகிச்சைக் கூடங்கள் பெருகும் காலத்தில், செய்யப்படும் ஒவ்வொரு ஸ்டென்டுக்கும் காரணம் பதிவாகி, அப்பதிவு மாகாண மட்டத்தில் மீளாய்வு செய்யப்படவேண்டும். அரச, தனியார் என்ற வேறுபாடின்றி இதைத் தொடங்குவதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.